முகவரி தீர்ந்த அலுவலகம்: 192.168.1.0/24 சப்நெட் /23 ஆன நிகழ்வு ஆய்வு

கோவையில் ஒரு தனியார் நிறுவனம். மூன்று மாடித் தலைமை அலுவலகம், திருப்பூரில் ஒரு சின்னக் கிளை. தலைமை அலுவலகம் முழுக்க ஒரே சப்நெட், அதாவது ஒரே முகவரித் தொகுதி கொண்ட நெட்வொர்க்: 192.168.1.0/24, 192.168.1 என்று தொடங்கும் முகவரிகள் எல்லாம். கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுப்பது விண்டோஸ் சர்வரில் ஓடும் டிஹெச்சிபி சேவை. கேட்வே, அதாவது வெளியே போகும் வாசல், ஒரு ஃபயர்வால், 192.168.1.1. கிளைக்கு அந்த ஃபயர்வாலிலிருந்தே ஐபிசெக் விபிஎன் டனல், அதாவது இணையத்தின் வழியே ஒரு பூட்டிய தனிப்பாதை. பத்துப் பதினைந்து பேர் இருந்த காலத்தில் போட்ட அமைப்பு, ஆட்கள் நூறைத் தாண்டிய பிறகும் அப்படியே இருந்தது. சிறு நிறுவனங்களில் இது சகஜம்.

புகார் எளிமையானது. காலை பத்து மணிக்கு மேல் வருகிறவர்களுக்கு நெட் கிடைப்பதில்லை. சீக்கிரம் வந்தவர்களுக்குப் பிரச்சினை இல்லை. நெட் இல்லாத லேப்டாப்பில் ஐபிகான்ஃபிக் கட்டளையை அடித்துப் பார்த்தால் முகவரி 169.254 என்று தொடங்குகிறது. டிஹெச்சிபி சர்வர் பதில் தராதபோது கணினி தானாகவே போட்டுக்கொள்ளும் முகவரி அது. அதை வைத்துக்கொண்டு கேட்வேயைத் தாண்ட முடியாது. சர்வரில் ஸ்கோப்பை, அதாவது டிஹெச்சிபி கொடுக்கும் முகவரிகளின் வரம்பை, திறந்தால் கொடுக்க ஒரு முகவரிகூட மிச்சமில்லை.

ஒரு /24 சப்நெட்டில் 256 முகவரிகள். முதலாவது நெட்வொர்க்கைக் குறிப்பது, கடைசி எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்புவதற்கான பிராட்காஸ்ட். மிச்சம் 254. இங்கே முதல் 50 சர்வர், பிரிண்டர் வகையறாவுக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால் டிஹெச்சிபிக்குக் கிடைத்தது இருநூறு சொச்சம். நூறு சொச்சம் பேருக்கு இருநூறு போதாதா என்றால், போதாது. மேசையில் டாக்கில் செருகிய லேப்டாப் கேபிள் வழியாக ஒன்று வாங்கும், மீட்டிங் அறைக்குத் தூக்கிப் போனால் வைஃபை வழியாக இன்னொன்று வாங்கும். அப்புறம் ஃபோன். ஆண்ட்ராய்டு 10-இலிருந்தும் ஐஓஎஸ் 14-இலிருந்தும் ஃபோன்கள் தங்கள் உண்மையான மேக் முகவரியை, அதாவது வன்பொருள் அடையாள எண்ணை, காட்டாமல், ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒரு தனி மேக்கை உருவாக்கிக்கொள்கின்றன. இந்த அலுவலகத்தில் மாடிக்கு ஒரு வைஃபை பெயர். ஆக, மூன்று மாடியிலும் நடமாடும் ஒருவரின் ஒரே ஃபோன் சர்வரின் கண்ணுக்கு மூன்று ஃபோன். கொடுத்த முகவரி ஒரு கருவியிடம் இருக்கும் லீஸ் காலமோ விண்டோஸ் சர்வரின் இயல்பான 8 நாள். திங்கட்கிழமை ஒரு முறை மேல்மாடிக்குப் போய்வந்த ஃபோனுக்கும், வந்து போன விருந்தினரின் ஃபோனுக்கும் அடுத்த வாரம் வரை முகவரி பூட்டப்பட்டே கிடக்கும்.

நாங்கள் போவதற்கு முன்பே ஒருவர் இதைச் சரிசெய்ய முயன்றிருந்தார். சனிக்கிழமை மாலை ஃபயர்வாலில் மாஸ்க்கை, அதாவது சப்நெட்டின் அளவைச் சொல்லும் எண்ணை, 255.255.255.0-இலிருந்து (/24) 255.255.254.0 (/23) ஆக்கினார். சர்வரிலும் அப்படியே. டிஹெச்சிபி ஸ்கோப்பை நீக்கிவிட்டு 192.168.0.0/23 என்று புதிதாக உருவாக்கினார். ஒரு கணினியில் இணையம் வருகிறதா என்று பார்த்தார், வந்தது. திங்கட்கிழமை காலை அலுவலகமே குழம்பியது. மதியத்துக்குள் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டார்கள். அதன் பிறகுதான் எங்களுக்கு அழைப்பு.

அந்தத் திங்கட்கிழமை என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் மறுபடி கை வைப்பதில் அர்த்தமில்லை. யார் யாருக்கு எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று அலுவலகத்தின் ஐடி பொறுப்பாளர் எழுதி வைத்திருந்தார். ‘சிலருக்கு நெட் வந்தது, சிலருக்கு வரலைங்க’ என்பதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு கணினியின் முகவரியையும் மாஸ்க்கையும் குறித்திருந்தார். இந்த ஆய்வே அந்தத் தாள் இருந்ததால்தான் சாத்தியமானது.

தாளைப் பிரித்துப் பார்த்தபோது கணினிகள் மூன்று கூட்டமாகப் பிரிந்தன. 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளை இனி 1 வரிசை என்றும், 192.168.0 என்று தொடங்குபவற்றை 0 வரிசை என்றும் சொல்கிறேன். முதல் கூட்டம், 1 வரிசை முகவரியும் பழைய மாஸ்க்கும் கொண்டவை: இவற்றில் எல்லாமே வேலை செய்தது. இரண்டாவது, 1 வரிசை முகவரியும் புதிய மாஸ்க்கும்: இணையம் வந்தது, பிரிண்ட் போனது, திருப்பூர் கிளை மட்டும் கிடைக்கவில்லை. மூன்றாவது, 0 வரிசை முகவரியும் புதிய மாஸ்க்கும்: சர்வரில் உள்ள ஃபோல்டர்கள் திறந்தன, இணையம் இல்லை, பிரிண்டர் இல்லை, கிளையும் இல்லை.

சனிக்கிழமை சோதித்த கணினி இரண்டாம் கூட்டத்தைச் சேர்ந்தது. இணையத்தை மட்டும் பார்த்ததால் எல்லாம் சரி என்று தெரிந்திருக்கிறது.

இப்போது காரணங்கள். திருப்பூர் கிளையின் நெட்வொர்க் என்ன என்று கேட்டோம். 192.168.0.0/24. பல சின்ன ரூட்டர்கள் பெட்டியிலிருந்து வரும்போதே இந்த வரிசையில்தான் வருகின்றன. கிளையில் யாரும் மாற்றவில்லை. இந்த ஒரு தகவலில் பாதிப் புதிர் அவிழ்ந்துவிட்டது.

மாஸ்க் என்பது ஒரு கருவி தனக்குத் தானே கேட்டுக்கொள்ளும் ஒரே ஒரு கேள்விக்கான விடை: நான் பேச வேண்டிய முகவரி இதே கேபிளில் இருக்கிறதா, இல்லை கேட்வே வழியாகப் போக வேண்டுமா? இதே கேபிளில் என்றால் ஏஆர்பி மூலம் ‘இந்த முகவரி யாருடையது’ என்று கூவி, பதில் தரும் மேக்குக்கு நேரே அனுப்பும். வெளியே என்றால் கேட்வேயின் மேக்குக்கு அனுப்பும். புதிய மாஸ்க் வாங்கிய இரண்டாம் கூட்டத்துக் கணினி, கிளையின் 192.168.0.5 முகவரியைப் பார்த்து ‘இது என் நெட்வொர்க்தான்’ என்று முடிவு செய்து அலுவலகத்துக்குள்ளேயே கூவியது. திருப்பூரில் இருக்கும் கணினிக்கு அது எப்படிக் கேட்கும்? பழைய மாஸ்க் வைத்திருந்த முதல் கூட்டம் கேட்வேயிடம் கொடுத்தது, ஃபயர்வால் டனலில் தள்ளியது, கிளை கிடைத்தது.

மூன்றாம் கூட்டத்தின் கதை இன்னும் ஆழமானது. இந்தக் கணினிகளில் ஒன்றிலிருந்து கேட்வேயைப் பிங் செய்தால், அதாவது ‘இருக்கிறாயா’ என்று ஒரு சின்னப் பாக்கெட் அனுப்பிக் கேட்டால், பதில் இல்லை. ஆனால் ஏஆர்பி பட்டியலைப் பார்த்தால் 192.168.1.1-க்கு நேரே ஃபயர்வாலின் மேக் பளிச்சென்று நிற்கிறது. கேபிள் சரி, ஸ்விட்ச் சரி, ஃபயர்வால் உயிரோடு இருக்கிறது, ஏஆர்பிக்குப் பதிலும் தருகிறது. பிங்குக்கு மட்டும் பதில் வரவில்லை. இணையதளப் பெயரைத் தட்டினால் பெயர் முகவரியாக மாறுகிறது, ஏனென்றால் அதைச் செய்யும் டிஎன்எஸ் உள்ளே உள்ள சர்வரில் இருக்கிறது. பக்கம் திறக்காது.

ஃபயர்வாலின் ரூட்டிங் பட்டியலில் விடை இருந்தது. அதில் இரண்டு வழிகள்: 192.168.0.0/23 லேன் (அலுவலகத்தின் உள் நெட்வொர்க்) பக்கம், 192.168.0.0/24 டனல் பக்கம். 192.168.0.77-க்குப் பதில் அனுப்ப வேண்டும் என்றால் இரண்டுமே பொருந்தும். அப்படிப் பொருந்தினால் குறுகிய வரம்புள்ள வழிதான் வெல்லும். ரூட்டிங்கின் அடிப்படை விதி அது. எண் பெரிதானால் வரம்பு குறுகும், ஆக /24 வென்றது. பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தவருக்கான பதில் பாக்கெட்டுகள் திருப்பூர் டனலுக்குள் போய்க்கொண்டிருந்தன. நேரடியாக இணைந்திருக்கும் நெட்வொர்க்குக்கு எப்போதும் முன்னுரிமை என்று பலர் நினைக்கிறார்கள். வரம்பு ஒரே அளவாக இருந்தால்தான் அந்த முன்னுரிமை.

பிரிண்டருக்கும் இதே கதிதான், காரணத்தில் ஒரு படி கூடுதல். பிரிண்டர்களுக்கு முகவரி கையால் போட்டது. டிஹெச்சிபியில் எதை மாற்றினாலும் அவற்றுக்குத் தெரியாது. பழைய மாஸ்க்கோடு இருந்த பிரிண்டர், 0 வரிசைக் கணினிக்கான பதிலைக் கேட்வேயிடம் கொடுத்தது. கேட்வே டனலில் தள்ளியது.

சப்நெட்டை விரிப்பது என்றதும் எல்லோரும் ஃபயர்வாலையும் டிஹெச்சிபியையும் திறக்கிறார்கள். சப்நெட்டின் அளவு அங்கே மட்டும் எழுதப்பட்டிருக்கவில்லை. அது ஒவ்வொரு கருவியிலும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கிறது, விபிஎன்னில் எழுதப்பட்டிருக்கிறது, அனுமதிப் பட்டியல்களில் எழுதப்பட்டிருக்கிறது. எல்லா இடத்திலும் ஒரே விடை வரும்வரை விரிவாக்கம் முடியவில்லை. என் அனுபவத்தில் இந்த வேலையின் நேரம் முழுக்கப் போவது அந்த இடங்களைத் தேடிக் கண்டுபிடிப்பதில்தான்.

விரிக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வியையும் தவிர்க்கவில்லை. ஃபோன்களையும் விருந்தினர் வைஃபையையும் தனி விலேனுக்கு, அதாவது அதே ஸ்விட்சுகளில் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்குக்கு, நகர்த்துவது நல்ல வழி, பாதுகாப்புக்கும் அதுதான் சரி. ஆனால் இரண்டு மாடிகளில் இருந்தவை விலேன் அறியாத சாதாரண ஸ்விட்சுகள். அவற்றை மாற்ற நிறுவனத்துக்குச் சம்மதம்தான், அந்த நிதியாண்டில் இல்லை. மொத்தமாக 10 என்று தொடங்கும் புதிய வரிசைக்கு மாறிவிடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. முகவரியே மாறினால் சர்வர் முகவரியை நேரடியாக எழுதி வைத்திருக்கும் ஒவ்வொரு மென்பொருளையும் தொட வேண்டும். விரிவாக்கத்தில் மாஸ்க் மட்டும்தான் மாறும், 192.168.1.10 எப்போதும் 192.168.1.10 ஆகவே இருக்கும். இந்த அலுவலகத்துக்கு விரிவாக்கம்தான் பொருத்தம் என்று முடிவு செய்தோம்.

‘192.168.2-ஐச் சேர்த்துக்கலாமே சார், 1-க்கு அடுத்தது 2 தானுங்களே’ என்று ஐடி பொறுப்பாளர் கேட்டார். நியாயமான கேள்வி, பலர் தடுக்கி விழும் இடமும்கூட. /23 என்பது முதல் 23 பிட்டுகள் ஒன்றாக இருக்கும் முகவரிகளின் கூட்டம். மூன்றாவது எண்ணின் எட்டு பிட்டுகளில் கடைசி ஒன்று மட்டும் மாறலாம். 0 என்பது 00000000, 1 என்பது 00000001. கடைசி பிட்டை விட்டுவிட்டால் இரண்டும் ஒன்று. 2 என்பது 00000010, 3 என்பது 00000011. அவை இரண்டும் வேறொரு ஜோடி. ஆக 1-க்கு ஜோடி 0 தான். 1-ஐயும் 2-ஐயும் ஒரே சப்நெட்டில் வைக்க வேண்டுமென்றால் /22-க்குப் போய் 0 முதல் 3 வரை நான்கையும் எடுத்துக்கொள்ள வேண்டும். எப்படிப் பார்த்தாலும் 0 உள்ளே வருகிறது. கிளை அந்த இடத்தைக் காலி செய்தே ஆக வேண்டும்.

கிளையை மாற்றுவது சுலபமாகவே முடிந்தது. பில்லிங் கணினிகள், ஒரு பிரிண்டர், ஒரு கேமரா டிவிஆர், அவ்வளவுதான். 192.168.20.0/24 என்று வைத்தோம். 2 அல்லது 3 என்று பக்கத்திலேயே வைக்காமல் 20-க்குத் தள்ளியதற்குக் காரணம் உண்டு: தலைமை அலுவலகம் என்றைக்காவது /20 வரை வளர்ந்தாலும் 15-ஐத் தாண்டாது. டனலின் இரு முனையிலும் உள்ளூர் நெட்வொர்க், எதிர்முனை நெட்வொர்க் என்று எழுதியிருப்பதை மாற்ற வேண்டும். ஒரு முனையில் /24, மறுமுனையில் /23 என்று இருந்தால் டனல் எழுந்திருக்காது, அல்லது பாதி வரிசைக்கு மட்டும் எழுந்திருக்கும். தலைமை அலுவலகத்தின் வரம்பையும் அப்போதே /23 என்று இரண்டு பக்கமும் எழுதிவிட்டோம். 0 வரிசையில் இன்னும் யாரும் இல்லாததால் அதனால் எந்தப் பாதிப்பும் இல்லை.

இதற்கிடையே ஆட்களுக்கு நெட் வேண்டுமே. லீஸ் காலத்தை 8 நாளிலிருந்து 8 மணி நேரமாகக் குறைத்தோம். குறைத்த உடனே பலன் தெரியாது. தொடர்ந்து இணைந்தே இருக்கும் டிஹெச்சிபி கிளையண்ட், அதாவது முகவரி வாங்கிய கருவி, தன் லீஸில் பாதி கழிந்த பிறகுதான் புதுப்பிக்கக் கேட்கும். 8 நாள் லீஸ் வாங்கி, அணையாமல் ஓடும் கணினி நான்காம் நாள்தான் புதிய கணக்குக்கு வரும். வந்து போன விருந்தினர் ஃபோன்களின் லீஸ் 8 நாளும் ஓடித்தான் தீரும். அந்த வாரம் கடந்ததும் காலைப் புகார்கள் கணிசமாகக் குறைந்தன. மாஸ்க் மாற்றும் நாளன்று எல்லாக் கணினிகளும் சீக்கிரம் புதிய மாஸ்க்கை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவும் லீஸ் சிறிதாக இருப்பது அவசியம்.

அடுத்த முடிவுதான் இந்த வேலையில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது: மாஸ்க்கை முதலில் எல்லா இடத்திலும் மாற்றுவது, 0 வரிசை முகவரிகளைக் கடைசியில் திறப்பது. பழைய மாஸ்க் கருவிக்குச் சிக்கல் வருவது 0 வரிசையோடு பேசும்போது மட்டும்தான். 0 வரிசையில் ஆளே இல்லையென்றால், பாதிக் கருவிகள் புதிய மாஸ்க்கிலும் பாதி பழையதிலும் இருந்தாலும் ஒருவருக்கும் தெரியாது. 1 வரிசைக்குள் இரண்டு மாஸ்க்கும் ஒரே விடையைத்தான் தரும். கீழ்நோக்கி விரிப்பதில் இன்னொரு சௌகரியமும் இருக்கிறது. /24-இல் பிராட்காஸ்ட் முகவரி 192.168.1.255. 192.168.0.0/23-இலும் அதுவேதான். பழையதும் புதியதும் ஒன்றின் பிராட்காஸ்ட்டை மற்றது கேட்கும். இதுவே 192.168.10.0/24 மேல்நோக்கி விரிந்திருந்தால் பிராட்காஸ்ட் 192.168.11.255-க்கு மாறியிருக்கும், அங்கே இப்படி நிதானமாகச் செய்யும்போது பிராட்காஸ்ட்டை நம்பியிருக்கும் சில பழைய சேவைகளுக்குத் தடங்கல் வரலாம். முதல் முயற்சியில் மாஸ்க்கும் முகவரியும் ஒரே நேரத்தில் திறந்துவிடப்பட்டன. பிரிண்டர்கள் தயாராவதற்குள் 0 வரிசை ஆட்கள் வந்துவிட்டார்கள்.

விண்டோஸ் டிஹெச்சிபியில் ஒரு ஸ்கோப்பின் மாஸ்க்கைப் பிறகு திருத்த முடியாது. நீக்கிவிட்டுப் புதிதாகத்தான் உருவாக்க வேண்டும். ரிசர்வேஷன்களையும் (குறிப்பிட்ட கருவிக்கே ஒதுக்கிய முகவரிகள்) விலக்கு வரம்புகளையும் (யாருக்கும் கொடுக்காத முகவரிகள்) முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டோம். புதிய ஸ்கோப்பை 192.168.0.0/23 என்று முழு வரம்புக்கும் உருவாக்கி, 0 வரிசை முழுவதையும் விலக்குப் பட்டியலில் போட்டுவிட்டோம். சர்வர் புதிய மாஸ்க்கைக் கொடுக்கும், ஆனால் 1 வரிசை முகவரிகளை மட்டும்தான் கொடுக்கும். ஸ்கோப் நீங்கும்போது யாரிடம் எது இருக்கிறது என்ற லீஸ் கணக்கும் அழிந்துவிடும் என்பதால், முகவரி கொடுப்பதற்கு முன் பிங் செய்து பார்க்கும் வசதியைச் சர்வரில் இயக்கிவிட்டோம். இயல்பாக அது அணைந்தே இருக்கும்.

கையால் முகவரி போட்ட கருவிகளின் பட்டியல் யாரிடமும் இல்லை. ஃபயர்வாலின் ஏஆர்பி பட்டியலையும் டிஹெச்சிபி லீஸ் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதலாவதில் இருந்து இரண்டாவதில் இல்லாதவற்றைப் பொறுக்கினோம். மேக் முகவரியின் முன்பாதி எந்தத் தயாரிப்பாளர் என்று காட்டிக்கொடுக்கும். மிச்சத்துக்கு மாடி மாடியாக நடக்க வேண்டியதுதான். பிரிண்டர்கள், வைஃபை ஆக்சஸ் பாயிண்டுகள், கேமரா டிவிஆர், வாசலில் விரல்ரேகை வருகைப்பதிவுக் கருவி, யுபிஎஸ்ஸின் நெட்வொர்க் கார்டு, கணக்குப் பிரிவில் ஒரு மேசைக்கடியில் ஸ்விட்சாகப் பயன்பட்டுக்கொண்டிருந்த பழைய ரூட்டர். அந்த ரூட்டரின் நிர்வாக முகவரி 192.168.0.1. இதுவரை தனி உலகத்தில் இருந்த அது, இனி நம் சப்நெட்டுக்குள். இந்த மாதிரி இன்னும் எத்தனை வரும் என்று தெரியாததால் 0.1 முதல் 0.19 வரை யாருக்கும் கொடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம்.

வருகைப்பதிவுக் கருவி மாஸ்க்கை மாற்ற விடவில்லை. அதன் மெனுவில் 255.255.254.0 என்று அடித்துச் சேமித்தால், மறுபடி பார்க்கும்போது 255.255.255.0 என்றே நின்றது. இதற்காகக் கருவியை மாற்றச் சொல்லலாமா? தேவையில்லை என்பது என் கருத்து. அது பேசுவது 192.168.1.10 சர்வரோடு மட்டும். இரண்டும் 1 வரிசையில் இருக்கும்வரை பழைய மாஸ்க்கால் ஒரு குறையும் இல்லை. யுபிஎஸ் கார்டும் அப்படியே. பிரிண்டரும் டிவிஆரும் அப்படியல்ல; அவற்றோடு யார் வேண்டுமானாலும், எந்த வரிசையிலிருந்தும் பேசுவார்கள். அவற்றை மாற்றியே ஆக வேண்டும்.

எல்லாம் மாற்றியாயிற்று என்று சொல்வதற்கு முன் சோதனை. ஒரு லேப்டாப்புக்குக் கையால் 192.168.0.30, மாஸ்க் 255.255.254.0 என்று போட்டு, பட்டியலில் உள்ள ஒவ்வொரு கருவியையும் பிங் செய்தோம். எல்லாம் பதில் தந்தன. மூன்றாம் மாடி பிரிண்டரும் தந்தது. ஆனால் அதற்குப் பிரிண்ட் போகவில்லை.

‘பிங் வருதுங்க சார், பிரிண்ட் தான் போக மாட்டேங்குது’ என்றார் ஐடி பொறுப்பாளர். பிங் பதிலின் கடைசி எண்ணைப் பார்க்கச் சொன்னோம். மற்ற பிரிண்டர்கள் எல்லாம் டிடிஎல் 64 என்று தர, இது மட்டும் 63 என்று தந்தது. டிடிஎல் ஒவ்வொரு ரூட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும். ஒரே சப்நெட்டில் இருப்பவர்களுக்கு நடுவே ரூட்டரே இருக்கக் கூடாது. 63 என்றால் பதில் கேட்வே வழியாகச் சுற்றி வருகிறது. அதாவது அந்தப் பிரிண்டரில் மாஸ்க் இன்னும் பழையது. திரையில் போய்ப் பார்த்தால் புதிய மாஸ்க் சேமிக்கப்பட்டிருந்தது, பிரிண்டர் மட்டும் மறுதொடக்கம் ஆகவில்லை.

பிங் வந்து பிரிண்ட் வராததன் காரணம் இது. லேப்டாப், பிரிண்ட் வாங்கும் 9100 போர்ட்டுக்கு இணைப்பைத் தொடங்கும் முதல் பாக்கெட்டை நேரே அனுப்புகிறது. பிரிண்டரின் பதில் பாக்கெட் ஃபயர்வால் வழியாக வருகிறது. ஃபயர்வாலோ தொடக்கத்தையே பார்க்காத ஓர் இணைப்புக்குப் பதில் மட்டும் வருவதைக் கண்டு, சந்தேகப்பட்டுத் தூக்கி எறிகிறது. அதன் வேலையை அது சரியாகத்தான் செய்கிறது. இங்கிருந்த ஃபயர்வால் பிங் பதிலை விட்டுவிட்டது. சில ஃபயர்வால்கள் அதையும் நிறுத்தும். கேட்வே வெறும் ரூட்டராக இருந்தால் இரண்டுமே தடையின்றிக் கடந்து போய்விடும், தப்பு இருப்பதே தெரியாமல் பிரிண்டரின் பதில் எல்லாம் கேட்வே வழியாகச் சுற்றிப் போய்க்கொண்டிருக்கும். அதனால்தான் பதில் வருகிறதா என்பதோடு நிற்காமல் டிடிஎல்லையும் பார்க்க வேண்டும். லினக்ஸ் சார்ந்த கருவிகள் பொதுவாக 64 என்றும் விண்டோஸ் 128 என்றும் தொடங்கும். 63, 127 என்று ஒன்று குறைந்து வருகிற எதையும் போய்ப் பாருங்கள்.

அதே லேப்டாப்பை வைத்துத்தான் அனுமதிப் பட்டியல்களையும் துழாவினோம். டனல் சிக்கல் தீர்ந்த பிறகும் 0 வரிசையிலிருந்து இணையம் வரவில்லை. ஃபயர்வாலில் இணையத்துக்குப் போக அனுமதிக்கும் விதி ‘அலுவலக லேன்’ என்ற பெயரைப் பயன்படுத்துகிறது. அந்தப் பெயருக்குள் 192.168.1.0/24 என்று எழுதியிருந்தது. இடைமுகத்தின் மாஸ்க்கை மாற்றினால் இது தானாக மாறாது. முதல் முயற்சியில் டனல் சிக்கல் இல்லாமல் இருந்திருந்தாலும் மூன்றாம் கூட்டத்துக்கு இணையம் கிடைத்திருக்காது.

ஸ்டோர்ஸ் மென்பொருளின் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் ‘192.168.1.%’ என்ற முகவரிகளிலிருந்து வரும் பயனரை மட்டும் ஏற்றுக்கொண்டது. மைஎஸ்க்யூஎல்லுக்குப் பயனர் பெயரும் அவர் வரும் முகவரியும் சேர்ந்ததுதான் ஒரு கணக்கு. ‘192.168.0.%’ என்று சேர்த்தால் அது புதுக் கணக்கு. அனுமதிகளைத் திரும்பக் கொடுக்க வேண்டும். பிரிண்டரிலிருந்து ஸ்கேன் செய்து மெயில் அனுப்பும் ரிலேயிலும் இதே மாதிரி ஒரு வரி. சர்வர் மையமாக நிர்வகிக்கும் விண்டோஸ் டொமைனில் சேராத ஒரு கணினி தன் ஃபோல்டரைப் பகிர்ந்துகொண்டிருந்தது. விண்டோஸ் ஃபயர்வாலில் அந்தப் பகிர்வு விதி ‘உள்ளூர் சப்நெட்’டுக்கு மட்டும் என்று இருக்கும், உள்ளூர் எது என்பதை அந்தக் கணினியின் மாஸ்க்தான் தீர்மானிக்கும். கையால் முகவரி போட்ட கணினி அது. மாஸ்க்கை மாற்றியதும் சரியானது. டொமைனின் பதிவேடான ஆக்டிவ் டைரக்டரியின் சைட் பட்டியலில் சப்நெட்டை மாற்றுவதும், டிஎன்எஸ்ஸில் 0 வரிசைக்கு, முகவரியிலிருந்து பெயரைத் தேடும் தலைகீழ்த் தேடல் மண்டலம் சேர்ப்பதும் சில நிமிட வேலை.

வீட்டிலிருந்து விபிஎன்னில் வருகிறவர்கள் தனிக் கேள்வி. பல வீட்டு ரூட்டர்களும் 192.168.0 வரிசையைத்தான் கொடுக்கின்றன. அந்த வீடுகளிலிருந்து அலுவலகத்தின் 0 வரிசையை அடைய முடியாது, காரணம் திருப்பூர் விஷயத்தில் பார்த்ததேதான்: வீட்டின் /24 அலுவலகத்தின் /23-ஐ விடக் குறுகியது. இதைத் தீர்க்க முயலவில்லை, ஒரு விதி வைத்தோம். மற்றவர் தேடிவந்து பேசும் எதுவும், அதாவது சர்வர், பிரிண்டர், டிவிஆர், 1 வரிசையிலேயே இருக்கும். 0 வரிசை முழுக்க வெளியே பேசப் போகும் லேப்டாப்புக்கும் ஃபோனுக்கும் மட்டும்.

திறப்பு நாளில் செய்ய அதிகம் இல்லை. விலக்குப் பட்டியலிலிருந்து 192.168.0.20 முதல் ஒரு சின்னப் பகுதியை மட்டும் விடுவித்தோம். புதிதாக வந்த ஃபோன்கள் அவற்றை எடுத்துக்கொண்டன, பிரிண்ட் போனது, கிளை கிடைத்தது. அடுத்து கொஞ்சம், அப்புறம் மிச்சம் எல்லாம். 192.168.0.255, 192.168.1.0 இரண்டையும் மட்டும் விலக்கிலேயே விட்டுவிட்டோம். /23-இல் அவை இரண்டும் நடுவில் வரும் சாதாரண முகவரிகள்தான், கணக்குப்படி யாருக்கும் கொடுக்கலாம். ஆனால் 255 என்று முடிந்தால் பிராட்காஸ்ட், 0 என்று முடிந்தால் நெட்வொர்க் என்று முடிவுகட்டிவிடும் பழைய மென்பொருள்கள் இன்னும் இருக்கின்றன. 510-இல் இரண்டு போனால் நஷ்டமில்லை. லீஸை ஒரு நாளாக நிறுத்தினோம். மாடிக்கு ஒன்றாக இருந்த வைஃபை பெயர்களையும் ஒன்றாக்கினோம். ஒரு ஃபோன் ஒரு முகவரியோடு நின்றது. முதல் நாளே இதைச் செய்திருந்தால் நெருக்கடி ஓரளவு தள்ளிப்போயிருக்கும், தீர்ந்திருக்காது.

இதுவும் நிரம்பினால் /22 போட்டுவிடலாமா என்று நிர்வாகத்திடமிருந்து கேள்வி வந்தது. 2, 3 வரிசைகள் காலியாகத்தான் இருக்கின்றன, கிளையையும் தள்ளி வைத்தாயிற்று, முகவரிக் கணக்கில் ஒரு தடையும் இல்லை. ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொன்னோம். ஒரே சப்நெட்டில் ஒவ்வொரு ஏஆர்பி கூவலும் எல்லாக் கருவிகளுக்கும் போகிறது. கேபிளில் அது பெரிய சுமையில்லை. வைஃபையில் பிராட்காஸ்ட் எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்பதால் மிக மெதுவான வேகத்தில் அனுப்பப்படுகிறது; அது காற்றில் இருக்கும் நேரம் முழுவதும் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். ஐந்நூறு வரை இந்த அலுவலகம் தாங்கும், ஆயிரத்துக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அதைவிட, விருந்தினரின் ஃபோனும் கணக்கு சர்வரும் ஒரே நெட்வொர்க்கில் இருப்பது முகவரி எத்தனை மிச்சமிருந்தாலும் சரியில்லை. அடுத்த நிதியாண்டின் பட்டியலில் விலேன் அறிந்த ஸ்விட்சுகள் சேர்க்கப்பட்டன. அவை வந்ததும் முதலில் பிரியப்போவது விருந்தினர் வைஃபை, அடுத்து ஃபோன்கள், அப்புறம் கேமராக்கள்.